அப்பாவைக் காவல் காத்த மலர்விழி

பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் தோழிகள் எல்லாம் தையல் வகுப்புக்குப் போக, என் தங்கை மலர்விழி பொம்மிடி பக்கம் இருக்கும் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சம்பளம் கிடையாது. சக்கர நாற்காலி தள்ள வேண்டும், எக்ஸ்ரே அறைக்கு வழி காட்ட வேண்டும், பார்வையாளர் நேரம் முடிந்த பிறகும் நோயாளி கட்டிலில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறவர்களைக் கிளப்ப வேண்டும். கடைசி வேலைதான் கஷ்டம். இந்தப் பக்கத்தில் யாரைக் கிளப்பினாலும் அவர் ஏதோ ஒரு வழியில் மாமாவாக வந்து நிற்பார்.

நர்சிங் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அப்பா பச்சியப்பன் மசியவில்லை.

"கோழி அறுத்தா மாட்டுக் கொட்டாய்ல போயி ஒளியறவ நீ. மனுசனுக்கு ஊசி போடுவியா? பேசாம பி.காம் போ."

எங்கள் வம்சத்தில் முதல் பட்டதாரி நான். கறுப்பு அங்கியோடு எடுத்த போட்டோ காலண்டருக்கு மேலே தொங்குகிறது. ஆட்டுக்குக் கழிச்சல் வந்தாலும் என் கருத்தைக் கேட்கிற வீடு அது. மலர் படிப்பு விஷயத்தில் மட்டும் யாரும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மரவள்ளி மூட்டை தூக்கப்போய் அப்பாவின் பழைய குடலிறக்கம் முற்றியது. அதே ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் பகலில் ஆபரேஷன். "ராத்திரிச் சாப்பாட்டோட சரி. காலையில தண்ணிகூடக் கூடாது," என்ற நர்ஸ் அமுதவல்லி, மலரைத் தனியாகக் கூப்பிட்டார். "உங்க சொந்தக்காரங்களப் பத்தி உனக்குத்தான் தெரியும். நீயே பாத்துக்க."

விடிந்ததும் தொப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் அத்தை குள்ளம்மாள் தூக்குப் போசியோடு வந்துவிட்டாள். உள்ளே கேழ்வரகுக் களி. மலர் வாசலிலேயே மறித்து, போசியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தாள்.

"ஏண்டி, வெறும் வயித்துல கத்தி வெச்சா உசுரு தாங்குமா?"

"களி இருந்தாத்தான் தாங்காது அத்தே. மயக்கத்துல வாந்தி வந்து நுரையீரலுக்குள்ள போயிரும்."

"உங்கப்பன் பொறந்ததுலேர்ந்து களிய வாந்தி எடுத்ததில்லடி!"

அப்பா போசியையே பார்த்தார். "டேய், நீ படிச்சவன். ஒரு வாய் தின்னா என்னடா ஆயிரும்?" நான் படித்தது இயற்பியல். களியின் அடர்த்தியைப் பற்றி வேண்டுமானால் சொல்லலாம். மலர் முறைத்ததில் அதுவும் மறந்துவிட்டது.

அப்பா பேரத்தில் இறங்கினார். "மலரு, அந்தப் போசியக் குடு. உன்ன நர்சிங்லயே சேத்துவுடறேன். முனியப்பன் மேல சத்தியம்."

இரண்டு வருடமாகக் கேட்ட வரம், ஒரு களி உருண்டைக்குக் கிடைக்கிறது. அவள் போசியோடு என்னை வராந்தாவுக்குத் தள்ளினாள்.

"முடியாதுப்பா."

போசிதான் என்னிடம் இருக்கிறதே என்ற தைரியத்தில், ஒரு பாட்டியை எக்ஸ்ரே அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். திரும்பி வந்தவளோடு நானும் உள்ளே போனபோது, அதுவரை வார்டே அதிரக் கத்திக்கொண்டிருந்த அப்பா சாமியார் போலக் கண்மூடிக் கிடந்தார்.

"நம்ம வூட்டு ஆம்பளைங்க பட்டினியில அமைதியா இருந்த சரித்திரமே இல்லண்ணா," என்றவள் அவர் வலது கையை எடுத்து மோந்து பார்த்தாள். கருவாடு! நகக்கண்ணில் களி வேறு.

அப்பா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். "வாயத் தொறந்த, நர்சிங்க மறந்துரு."

அதற்குள் ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. "ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்றார் அமுதவல்லி.

"இல்லைங்க," என்றார்கள் அப்பாவும் அத்தையும் ஒரே குரலில்.

மலருக்குக் கண்ணில் நீர் முட்டியது. "களி தின்னிருக்காருங்க சிஸ்டர்."

"எவ்வளவு?"

"ஒரே ஒரு உருண்டைங்க," என்று அத்தை ஒத்துக்கொண்டாள்.

"எவ்வளவு பெருசு?"

அத்தை இரண்டு கைகளையும் சேர்த்துக் காட்டினாள். உரித்த தேங்காய் அளவு. வாழையிலையில் சுற்றி, வறுத்த கருவாட்டோடு அவள் முந்தானையில் வந்திருக்கிறது. நான் கட்டிக் காத்த போசி வெறும் கண்துடைப்பு.

ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. "பெத்த அப்பனையே புடிச்சுக் குடுத்துட்டா. இனி பி.காம்தான்!" என்று அப்பா வார்டு முழுக்க அறிவித்தார்.

மலர் அத்தையைப் பஸ் ஏற்றிவிட்டு, மறுநாள் விடிந்ததும் கட்டிலை ஒட்டி ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பார்க்க வந்த பெண்களின் முந்தானையை உதறிக் காட்டச் சொன்னாள். அவளும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

அப்பாவுக்கே பொறுக்கவில்லை. "நீயாவது போயித் தின்னுட்டு வாயேன்."

"நீ வெளிய வந்தப்புறம் தின்னுக்கிறேன்."

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அடுத்த நாள் அத்தை மறுபடியும் வந்தாள், இந்த முறை நாட்டுக்கோழி ரசத்தோடு. டம்ளரை வாய்வரைக்கும் கொண்டுபோன அப்பா அப்படியே நிறுத்தினார். பக்கத்துக் கட்டிலில் போர்வை மடித்துக்கொண்டிருந்த மலரைப் பார்த்தார்.

"சிஸ்டருங், இதக் குடிக்கலாமுங்களா?"

வார்டே சிரித்தது. மலர் மட்டும் சிரிக்கவில்லை. "டாக்டர் வந்து பாக்கட்டும். அப்புறம் அரை டம்ளர்."

அப்பா டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார்.

"டேய், அவ உம்பொண்ணுடா!" என்றாள் அத்தை.

"வூட்லதான் பொண்ணு. படிக்கறதுக்கு முன்னாலயே இந்தக் கெடுபிடி. படிச்சிட்டு வந்தா எவன் தப்பிப்பான்?" என்ற அப்பா என் பக்கம் திரும்பினார். "டேய், உன் போட்டோவுக்குப் பக்கத்துல இன்னொரு ஆணி அடிக்க எடம் இருக்குதான்னு பாரு."