எதிர்ப்பக்கம் விழுந்த நிழல்

வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவோரம் இருக்கிறவர்கள் கதவைச் சாத்த வேண்டாம், வெளிச்சம் வரட்டும். நான் சொல்லப்போவது இருட்டில் நடந்ததில்லை. பேய் என்றால் நடுநிசி, நாய் ஊளை, கிறீச்சிடும் கதவு என்று கேட்டுக் கேட்டு உங்களுக்கும் அலுத்திருக்கும். இது ஞாயிற்றுக்கிழமை காலையில், நல்ல வெயிலில், எட்டுப் பேர் கண்ணெதிரே நடந்தது. அந்த எட்டுப் பேரில் நானும் ஒருத்தி. கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு. ஆனால் கேட்டு முடித்ததும் உங்கள் நிழலை ஒருமுறை திரும்பிப் பார்ப்பீர்கள். அதற்கு நான் பொறுப்பு.

என் தங்கை இயற்கைக் காட்சிகளை வரைகிற ஓவியர். மலை, வயல், வானம், ஆளில்லாத தெரு... இவைதான் அவளுக்குப் பிடித்தவை. வருஷத்துக்கு ஒரு கண்காட்சி வைப்பாள். அதற்கு முந்தைய சில ஞாயிறுகளில், கற்றுக்கொள்ள வருகிறவர்களை ஊருக்கு வெளியே கூட்டிப்போய் வெட்டவெளியில் உட்கார்த்தி வரையச் சொல்லித் தருவாள். அவர்கள் வரைந்ததையும் கண்காட்சி மண்டபத்தின் நடையில் மாட்டி வைப்பாள். நான் கூடப் போவது மடக்கு நாற்காலி தூக்க, தண்ணீர்க் கேன் தூக்க, எல்லோருக்கும் டீ ஊற்ற. எனக்கு ஒரு கோடு நேராகப் போட வராது.

அந்த வருஷம் என் வீட்டுக்காரரும் வகுப்பில் சேர்ந்தார். சேர்ந்தார் என்ன, நான் பிடித்துத் தள்ளினேன். ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்ற மனிதர், வீட்டில் சும்மா உட்கார முடியாமல் சமையலறை வாசலில் நின்று எனக்கு வழி சொல்ல ஆரம்பித்திருந்தார். “சட்டியைக் கொஞ்சம் லெஃப்ட்ல ஒடி” என்பார். எத்தனை நாள் பொறுப்பது?

அன்று போன இடம், ரயில் கேட்டைத் தாண்டி ஒரு பெரிய பொட்டல். கிழக்கே கால் ஊன்றி நிற்கும் தண்ணீர்த் தொட்டி, இரண்டு மரம், ஒரு வரிசை மின்கம்பம். மேற்கே பாதி இடிந்த நீளமான செங்கல் சுவர். வேறு ஒன்றும் இல்லை. தங்கை ஆறு பேரையும் அந்தச் சுவருக்கு முதுகு காட்டி, சூரியனைப் பார்த்து உட்கார வைத்தாள். அப்படி உட்கார்ந்தால் எல்லா நிழலும் நம்மை நோக்கி நீண்டு வரும். அவளுக்கு அது பிடிக்கும்.

“மொதல்ல நிழலைப் போடுங்க,” என்றாள். “வெளிச்சம் ஓடிக்கிட்டே இருக்கும். நமக்காக நிக்காது. அப்புறம், தெரிஞ்சதை வரையாதீங்க. கண்ணு பாக்கறதை வரைங்க. கறுப்பு எங்க இருக்கு, வெளுப்பு எங்க இருக்கு... அவ்ளோதான்.”

“கண்ணு பாக்கறது அப்படியேவா டீச்சரம்மா?” என்றார் என்னவர்.

“அப்படியே அத்தான்.”

“அப்புறம் கொறை சொல்லக் கூடாது.”

பிறகு பேச்சு நின்றது. தண்ணீரில் பிரஷ் அலசும் சத்தம் மட்டும். டக்... டக்... டக்... நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். எட்டு மணி பத்து நிமிஷம் இருக்கும். தங்கை அவர் பின்னால் போய் நின்றாள்.

“அத்தான், உங்க ஊர்ல எத்தனை சூரியன்?”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் எட்டிப் பார்த்தேன். மரத்தின் நிழல், கம்பத்தின் நிழல், தொட்டியின் நிழல் எல்லாம் ஒழுங்காக எங்களை நோக்கி வந்தன. பொட்டலின் நடுவே ஒன்று மட்டும் எங்களை விட்டு விலகி, சூரியனை நோக்கி நீண்டிருந்தது. ஒடிசலாக, உயரமாக. நுனியில் தலை மாதிரி ஓர் உருண்டை.

“எதோட நிழல் இது?”

“எனக்கென்ன தெரியும்? பாக்கறதைப் போடச் சொன்னீங்க, போட்டேன். இருந்துது.”

எல்லோரும் பொட்டலைப் பார்த்தோம். ஒன்றும் இல்லை. வெறும் மண்.

தங்கை அவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து பிரஷை வாங்கினாள். “நிழல்னு ஒண்ணு போட்டா அதுக்கு ஒரு ஆள் வேணும். அந்தரத்துல விடக் கூடாது.” செம்மண் நிறத்தைத் தொட்டு, நிழல் தொடங்கும் இடத்தில் இரண்டே இழுப்பு. ஓர் ஆள் நின்றது. கை கிடையாது, முகம் கிடையாது. “இவ்ளோ தூரத்துல ஆள்னா ரெண்டு இழுப்பு போதும்.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளை,” என்றாள் யோசிக்காமல். சொல்லிவிட்டுக் கையிலிருந்த பிரஷையே ஒரு நொடி பார்த்தாள்.

பத்து மணிக்கு எல்லாப் படங்களையும் தரையில் வரிசையாக வைத்தோம். அது அவர்கள் வழக்கம். ஒருவர் படத்தை ஒருவர் பார்த்து நல்லது கெட்டது சொல்வார்கள். 

ஆறு படத்திலும் அந்த நிழல் இருந்தது.

“நான் தொட்டி நிழல்னு நெனச்சேன்,” என்றார் பேங்க்கில் வேலை செய்கிறவர்.

“நான் மேகம்னு...” என்றாள் மருந்துக்கடைக்காரி. வானத்தைப் பார்த்தாள். மேகம் இல்லை. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

“ஒருத்தரைப் பாத்து ஒருத்தர் காப்பி அடிச்சிருக்கீங்க,” என்று தங்கை சிரித்தாள். ஆனால் ஒருவர் படம் ஒருவருக்குத் தெரியாத தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தார்கள். அவள் தன் பலகையை எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோது முகத்தில் ரத்தம் இல்லை. “கெளம்பலாம்,” என்றாள்.

வழியில் கேட்டேன்.

“என் படத்துலயும் இருக்கு அக்கா. எப்ப போட்டேன்னு எனக்கே தெரியல.”

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிக்கொண்டே, “முதுகு காயுது,” என்றார். வெயிலில் உட்கார்ந்ததுதானே என்று நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. சூரியன் முகத்துக்கு எதிரே அல்லவா இருந்தது? முதுகில் எப்படிக் காயும்?

தொட்டுப் பார்த்தேன். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் மாதிரி இருந்தது. தெர்மாமீட்டர் வைத்தால் காய்ச்சல் இல்லை. டாக்டர் ஏதோ களிம்பு எழுதிக் கொடுத்தார். தடவிய களிம்பு தோலில் நிற்காமல் உருகி வழிந்தது. நாளுக்கு நாள் முதுகு சிவந்துகொண்டே வந்தது. ஃபேனுக்கு அடியில் வெறும் தரையில் குப்புறப் படுத்திருப்பார்.

“என்னை ஒரு பக்கம் வாட்டிட்டே. திருப்பிப் போடு,” என்று கேலி பேசுவார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டுச் சமையலறைக்குப் போய் அழுவேன்.

இன்னொன்றும் உண்டு. வீட்டில் மரம் எரியும் வாசனை. அடுப்பைப் போய்ப் பார்ப்பேன். அணைந்திருக்கும். அக்கம்பக்கத்தில் கேட்டேன். யாருக்கும் வரவில்லை. அவர் பக்கத்தில் போனால்தான் வரும்.

கண்காட்சி திறக்கிற நாள் வந்தது. “நீங்க வர வேண்டாம்,” என்றேன். கேட்கிற ஆளா? “என் படம் மொத மொதல்ல செவுத்துல ஏறுது. நான் இல்லாம எப்படி?” புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

பெரிய கூடத்தில் தங்கையின் படங்கள். கூட்டமெல்லாம் அங்கேதான். நடையில் ஆறு மாணவர்களின் படங்கள், கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து. இவர் படம் கடைசியில், பக்கவாட்டுக் கதவின் ஓரம். சாயங்காலம் ஐந்தே கால். நான் பழரசத் தம்ளருடன் அதன் எதிரே நின்றேன்.

ஏதோ சரியில்லை.

இன்னும் கிட்டப் போனேன்.

அந்த ஆளுக்குக் கைகள் இருந்தன.

இரண்டு கைகள். முன்னால் நீட்டி. எங்களை நோக்கி.

தங்கையைக் கூப்பிட்டேன். வந்தாள். பார்த்தாள். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

“அக்கா... நான் கை போடலை.”

அதற்குள் இவர் எங்கள் பக்கத்தில் வந்து நின்றார். எங்களைப் பார்க்கவில்லை. படத்தையே பார்த்தார்.

“யாரோ கூப்பிடறாங்க,” என்றார்.

“யாரு?”

“வெளிய வா, வெளிய வந்துடுன்னு...”

எனக்கு எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் யாரோ சிரிக்கும் சத்தம் மட்டும்.

“வர்றேன்,” என்றார் இவர். ஓர் அடி வைத்தார். நெற்றி கண்ணாடியில் இடித்தது. டங்...

அந்த வாசனை. மரம் எரியும் வாசனை.

அவர் முதுகைப் பார்த்தேன். புதுச்சட்டை பழுப்பாகிக்கொண்டிருந்தது. இஸ்திரிப் பெட்டியை வைத்து மறந்த மாதிரி... மெல்ல... மெல்ல...

“வர்றேன்... வர்றேன்...”

பின்னாலிருந்து கட்டிப் பிடித்தேன். முன்கை சுட்டது. விடவில்லை. இழுத்தேன். கால் நகரவில்லை. தரையோடு ஆணி அடித்த மாதிரி நின்றார்.

எனக்கு என்ன தோன்றியது என்று இன்றைக்கும் தெரியவில்லை. அவர் காதோடு வாய் வைத்துச் சொன்னேன்.

“வெளியதான் போறோம். வாங்க. என்கூட வெளிய வாங்க.”

கால் நகர்ந்தது.

ஓர் அடி.

இன்னோர் அடி.

பக்கவாட்டுக் கதவை உதைத்துத் திறந்தேன். தெரு. காற்று. ஒரு சைக்கிள் மணி.

அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. சுற்றிப் பார்த்தார். “ஏன் தெருவுல நிக்கிறோம்?” என்றார். பிறகு, “குளிருது,” என்றார். முதுகில் கை வைத்தேன். சாதாரண முதுகு. வியர்த்து, சில்லென்று, எனக்குத் தெரிந்த முதுகு. அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். “எல்லாரும் பாக்கறாங்க,” என்று அவர் என்னைத் தூக்கப் பார்த்தார்.

தங்கை சட்டத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். படத்தை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பொட்டலின் நடுவே ஆள் இல்லை. நிழலும் இல்லை. அந்த இடத்தில் வெறும் வெள்ளைத்தாள், பிரஷே படாத மாதிரி. கண்ணாடி அப்படியே இருந்தது. பின்பக்க ஆணிகளும் அசையவில்லை.

மற்ற படங்களில் நிழல் அப்படியேதான் இருந்தது. அவற்றைக் கழற்ற வேண்டாம் என்று தங்கை விட்டுவிட்டாள். அதனால்தான் இரண்டு நாள் கழித்து விஷயம் தெரியவந்தது.

தீயணைப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கண்காட்சிக்கு வந்தார். நடையில் வெகுநேரம் நின்றார். தங்கையையும் என்னையும் கூப்பிட்டார்.

“இந்தப் பொட்டல் எனக்குத் தெரியும்மா,” என்றார். “நான் வேலைக்குச் சேந்த புதுசு. அங்க ஒரு மரக்கிடங்கு இருந்துது. விடிகாலை, இன்னும் இருட்டு, பத்திக்கிச்சு. உள்ள ஒருத்தர் மாட்டிக்கிட்டார். அவர் சம்சாரம் பொட்டல் நடுவுல நின்னு, ரெண்டு கையையும் நீட்டி, வெளிய வா, வெளிய வந்துடுன்னு கத்திக்கிட்டே இருந்துது. அவரும் உள்ளேருந்து வர்றேன் வர்றேன்னுதான் சொன்னார். எங்க காதுல விழுந்துது. ஆனா வரல.”

“அந்தம்மா என்ன ஆனாங்க?” என்றேன்.

“மறுநாள் போய்ப் பாத்தோம். ஆளைக் காணோம். எங்க போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. நின்ன எடத்துல செருப்பு ரெண்டு மட்டும் இருந்துது. தீயைப் பாத்தாப்புல.”

தங்கை அங்கிருந்த ஒரு படத்தின் மேல் விரலை வைத்தாள். நிழலின் தலையிலிருந்து கால் வரைக்கும், அங்கிருந்து தாளின் கீழ்விளிம்பு வரைக்கும் விரலை இழுத்துக்கொண்டு வந்தாள். நிழலைப் பார்த்தால் வெளிச்சம் எங்கிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியும்.

“கிடங்கு எந்தப் பக்கம் இருந்துது?” என்றாள்.

“நீங்க எங்க உக்காந்து வரைஞ்சீங்க?”

“அந்தச் சுவத்துக்கு முதுகு காட்டி.”

பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“கிடங்குல மிஞ்சினது அந்தச் சுவர் ஒண்ணுதாம்மா. நீங்க எல்லாரும் உக்காந்திருந்தது தீக்குள்ள.”

அவ்வளவுதான் எனக்குத் தெரியும். இதை என் வீட்டுக்காரரிடம் நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

போய் வாருங்கள் கண்ணுகளா. உங்கள் வீட்டுத் தீ அடுப்போடும் விளக்கோடும் அடங்கி நிற்கட்டும். வேலைக்குப் போனவர்கள் முழுசாய் வீடு திரும்பட்டும். உங்கள் வாசலில் நின்று யார் யாரைக் கூப்பிட்டாலும், கூப்பிட்ட குரலுக்கு ஆள் வெளியே வந்து நிற்கட்டும்.