ஒன்றாம் நம்பர் மரம்

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நாளைக்கு எண்ணூறு படுக்கை விரிப்புகள் அழுக்காகும். அத்தனையும் பின்பக்கச் சலவைக்கூடத்துக்கு வந்து, வெந்து, பிழிபட்டு, காய்ந்து, மடிந்து, புறப்பட்ட வார்டுக்கே திரும்பிப் போய்ச் சேர வேண்டும். எலும்பு முறிவு வார்டின் விரிப்பு பிரசவ வார்டுக்குப் போய்விட்டால் இரண்டு வார்டு நர்ஸம்மாக்களும் சலவைக்கூட வாசலில் வந்து நின்று ஒரு பிடி பிடிப்பார்கள். இருபத்தாறு வருஷமாக அப்படி ஒரு சண்டை நடக்கவில்லை. அதற்குக் காரணம் நம்பரக்கா.

எண் போடுவதுதான் அவள் வேலை. புதுத் துணி வந்தால், கீழ்ப்பக்கம் வலது மூலையில், வெந்நீருக்கும் சோடாவுக்கும் அசையாத கறுப்பு மையால், கட்டைவிரல் நகமளவுக்கு ஓர் எண். துணி திரும்பி வரும்போது மூலையைப் புரட்டிப் பார்த்து வார்டு வாரியாகக் கட்டுவதும் அவளே. ஒருமுறை எழுதிய எண்ணை அவள் திருத்த மாட்டாள். ஒரே துணிக்கு இரண்டு எண் விழுந்தால் அப்புறம் அது யாருடைய துணியும் இல்லை என்பாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், காணாமல் போன ஒரு தலையணை உறையை வீட்டுக்குப் போய்விட்ட நோயாளியின் பையிலிருந்து எண்ணை வைத்தே மீட்டுக் கொடுத்தாள். அன்றிலிருந்து அவளுடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

சலவைக்கூடத்தில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். நான்கு கொப்பரைகள், ஒரு பாய்லர், இரண்டு இஸ்திரி உருளைகள். மேலே ஓடுகிற மின்விசிறி சூட்டைக் கிளறிவிடுமே தவிரக் குறைக்காது. காற்று வருகிற ஒரே வழி பின்கதவு. கதவுக்கு வெளியே ஆஸ்பத்திரியின் தாழ்ந்த சுவர். சுவரையொட்டி ஒரு காடு, இருபத்தேழு ஏக்கர். கதவைத் திறந்தால் காட்டுக்குள்ளிருந்து வருகிற காற்று ஈரத் துணியைத் தொட்டுக்கொண்டு அவளுடைய மேஜை வரைக்கும் வரும். அந்த மேஜையை அவள் இருபத்தாறு வருஷத்தில் ஓர் அங்குலம் நகர்த்த விட்டதில்லை. பாய்லர் அண்ணன் மட்டும் வருஷத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, பதில் தெரிந்தவராகத் திரும்பிப் போவார்.

காடு ஒரு மூடிப்போன மில்லுக்குச் சொந்தமானது. அதை ஒரு கம்பெனி வாங்கியது. ஊசியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை ஒரே கூரைக்குக் கீழே விற்கிற கடை ஒன்றை அங்கே கட்டப் போகிறார்கள், முன்னால் அறுநூறு கார் நிறுத்த இடம். அனுமதி கேட்டுக் கம்பெனி போட்ட மனுவின் அறிவிப்பு நகராட்சிப் பலகையில் ஒட்டியிருந்தது. அதை நகல் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர் ஆஸ்பத்திரி வாசலில் மருந்துக்கடை வைத்திருப்பவர். காட்டைக் காப்பாற்ற ஒரு கமிட்டி கூட்டியிருந்தார். சலவைக்கூடத்துப் பின்கதவுக்கும் வந்தார்.

அறிவிப்பில், நிலம் புதர் மண்டிய தரிசு, மரங்கள் சுமார் நாற்பது என்று இருந்தது. நம்பரக்கா படித்துவிட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்ன சார், நாப்பதா? இந்தக் கதவுல நின்னுகிட்டே நான் நாப்பது காட்டுறேன்."

"காட்டினா போதாதும்மா. எண்ணிக் குடுத்தாத்தான் ஆபீசுல நம்புவாங்க."

எண்ணுவது என்று வந்துவிட்ட பிறகு, அவளிடம் இன்னொரு தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை. காலை ஷிப்ட் மூன்று மணிக்கு முடியும். அன்றைக்கே மைப்புட்டியை எடுத்துக்கொண்டு சுவர் இடைவெளி வழியாகக் காட்டுக்குள் நுழைந்தாள். பின்கதவுக்கு நேர் எதிரே நிற்கிற பெரிய மரத்தடியில் குந்தி, பழக்க தோஷத்தில், அடிமரத்தின் வலது கீழ் மூலையில், கணுக்கால் உயரத்தில், நகமளவுக்கு ஒன்று என்று எழுதினாள். மருந்துக்கடைக்காரர் குனிந்து தேடித்தான் அதைக் கண்டுபிடித்தார்.

"மரத்துக்கு எதும்மா வலது கைப்பக்கம்?" என்று கேட்டார்.

மறுநாள் வெள்ளை பெயின்ட் வாங்கி வந்தார்கள். இரண்டிலிருந்து நெஞ்சு உயரத்தில், உள்ளங்கையளவு எழுத்து. ஒன்றையும் பெரிதாக எழுதிவிடலாமே என்றார் அவர். போட்டது போட்டதுதான் என்று சொல்லிவிட்டாள்.

எண்ணி முடிக்க ஐந்து மாதம் ஆனது. கழித்துப்போட்ட விரிப்பின் ஓரத்தைக் கிழித்து, அதில் மையால் அங்குலம் குறித்து, அதையே டேப்பாக வைத்துக்கொண்டு ஒவ்வொரு மரத்தின் சுற்றளவையும் எடுத்தாள். நோட்டில் எண், சுற்றளவு, வகை என்று மூன்று கட்டம். மரங்களின் பெயர் அவளுக்குத் தெரியாது. அதனால் வகைக் கட்டத்தில் சொரசொரப்பு, வழவழப்பு, முள், பால் வடியும், பட்டை உரியும் என்று எழுதி வைத்தாள். மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்து அவற்றுக்கெல்லாம் பெயர் கண்டுபிடித்தார். பாய்லர் அண்ணனின் கேலிக்கு இது நல்ல தீனி.

"எதுக்கும்மா நம்பரு? ராத்திரி எந்திரிச்சு வேற வார்டுக்குப் போயிடுமா?"

"நம்பர் போட்ட பொருள் தொலையாதுண்ணே. எங்க போனாலும் கேக்கலாம்ல."

வீட்டில் மகள் வேறு ராகம் பாடினாள். வணிகவியல் முடித்து இரண்டு வருஷமாக வேலை தேடுகிறவள். கடை வந்தால் பில் போடுகிற இடத்தில் நூறு பேரை எடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தாள். பெயின்ட் படிந்த அம்மாவின் கைக்கு மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்துவிட்டுக்கொண்டே, "நீ எண்ணி எண்ணியே என் வேலைக்கு உலை வச்சிடு" என்பாள். திட்டுகிற வாய் திட்டும், தேய்க்கிற கை தேய்க்கும்.

மொத்தம் ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்று.

நகராட்சிக் கூடத்தில் விசாரணை நடந்த அன்று கமிட்டி அந்த நோட்டைத் தட்டச்சு செய்து, முப்பத்தொரு பக்கமாக மேஜையில் வைத்தது. விசாரணை அதிகாரி நாற்பதையும் பார்த்தார், ஆயிரத்து நூற்று அறுபத்து மூன்றையும் பார்த்தார். கம்பெனியின் மனு தவறான தகவல் என்று திருப்பி அனுப்பப்பட்டது. கூடத்தில் கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. மருந்துக்கடைக்காரர் அவளை எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்தாள், உடனே உட்கார்ந்துவிட்டாள். அதற்கப்புறம் ஒரு வாரம், எந்த வார்டுக்குக் கட்டு எடுத்துப் போனாலும் அவளுக்கு டீ கிடைத்தது.

நான்கு மாதம் கழித்து கம்பெனி மறுபடி மனு போட்டது.

ஒரு காட்டை வெட்ட அனுமதி வேண்டுமென்றால், மரம் மரமாக எண், வகை, சுற்றளவு எழுதிய பட்டியல் இணைக்க வேண்டும் என்று சட்டத்தில் ஒரு விதி இருந்தது. அந்தப் பட்டியல் எடுக்க ஆள் வைத்தால் ஒரு வருஷம் போகும், உள்ளே இறங்கினால் ஊர்க்காரர்கள் மறிப்பார்கள். இப்போது அந்தக் கவலையே இல்லை. பட்டியல் நகராட்சிக் கோப்பில் பொது ஆவணமாகத் தயாராக இருந்தது. கம்பெனி அதை நகல் வாங்கி, அப்படியே பின்னிணைப்பாகச் சேர்த்து, வெட்டுகிற ஒவ்வொரு மரத்துக்கும் வேறு எங்கோ மூன்று கன்று நடுவதாக எழுதிக் கொடுத்திருந்தது.

இரண்டாவது விசாரணையில் கம்பெனி சார்பில் வந்தவர் நல்ல மரியாதைக்காரர். குரலே உயர்த்தவில்லை. இவ்வளவு துல்லியமாகக் கணக்கெடுத்த அம்மா யாரென்று தெரியவில்லை, அவருக்குத் தங்கள் நிறுவனத்தின் நன்றி என்றார்.

மருந்துக்கடைக்காரர் எழுந்து கத்தினார். எங்கள் நோட்டை எங்களுக்கு எதிராகவே நீட்டுகிறார்களே என்றார். அதிகாரி பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பக்கத்தைப் புரட்டினார். அவரும் கெட்டவர் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்வி. பட்டியலில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், இந்த மனுவையும் திருப்பிவிடுகிறேன், புதிதாக எண்ணச் சொல்கிறேன். தப்பு இல்லையென்றால் நான் என்ன செய்ய முடியும்?

கூடம் மொத்தமும் திரும்பி நம்பரக்காவைப் பார்த்தது.

மருந்துக்கடைக்காரரின் கண் கெஞ்சியது. அவளுக்குப் புரியாமல் இல்லை. ஒரு வார்த்தை போதும். நூறு மரம் விட்டுப்போயிருக்கும் சார், அவ்வளவுதான். ஆனால் பேச எழுந்தபோது அவளுக்கு முன்னால் அந்த முப்பத்தொரு பக்கங்கள் இருந்தன. முள் கிழித்த கையோடு இரண்டு தடவை அளந்த மரங்கள். அவள் கணக்கைத் தப்பென்று இருபத்தாறு வருஷத்தில் ஒரு நர்ஸும் சொன்னதில்லை. அவள் வாயாலேயே அதைச் சொல்ல நாக்கு புரளவில்லை.

"கணக்கு சரிதான் சார்."

அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டார்.

யாரும் அவளைத் திட்டவில்லை. மருந்துக்கடைக்காரர் பின்கதவுப் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். பாய்லர் அண்ணன் கேலியை விட்டுவிட்டார், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. ஒருநாள் அவளே கேட்டாள், ஏண்ணே வாயை மூடிக்கிட்டீங்க என்று. அவர் பாய்லர் மீட்டரின் முள்ளைப் பார்த்தபடியே, "தப்புன்னு சொல்லியிருந்தா ஒரு வருஷம் தள்ளியிருக்கும்மா" என்றார். அடுப்புக் கதவைச் சாத்திவிட்டு, "எனக்கும் வாயில வந்திருக்காது" என்று சேர்த்துக்கொண்டார்.

வெட்டு சாலைப் பக்கமிருந்து தொடங்கியது. அவள் எண்ணிக்கை முடித்த பக்கம் அது. அதனால் பெரிய எண்ணிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒவ்வொரு மரமும் விழுந்ததும் ஓர் ஆள் எண்ணைக் கத்துவான், மேஸ்திரி பட்டியலில் கோடு போடுவார். முதல் சில நாள் தூரத்தில் சத்தம் மட்டும் வந்தது. ஆறாம் நாளிலிருந்து எண் தெளிவாகக் கேட்டது. எழுநூற்றுப் பதினான்கு. அவள் கை விரிப்பின் மேல் நின்றுவிட்டது. எழுநூற்றுப் பதினான்கு பால் வடியும் வகை, ஐம்பத்திரண்டு அங்குலம், அடியில் எறும்புப் புற்று, அன்றைக்குக் காலில் ஏறிக் கடித்தது. அவளுக்கு எல்லாம் நினைவிருந்தது. கதவைச் சாத்தினால் சூடு, திறந்தால் எண். திறந்தே வைத்தாள்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் மேஸ்திரி பின்கதவுக்கு வந்தார். காதில் பென்சில், கையில் கசங்கிப்போன முப்பத்தொரு பக்கம். வெயிலில் கறுத்த, வயதான மனிதர். செருப்பைக் கதவுக்கு வெளியே கழற்றிவிட்டே பேசினார்.

"நீங்கதான் நம்பர் போட்ட அக்காவா? நல்ல கணக்குக்கா. நானும் எத்தனையோ காடு பாத்துட்டேன், இப்படி ஒரு லிஸ்ட் கண்டதில்ல."

அவள் அடுத்த விரிப்பின் மூலையைப் புரட்டினாள்.

"ஒண்ணாம் நம்பர் மட்டும் கிடைக்க மாட்டேங்குது. ஆயிரத்து நூத்தி அறுபத்து ரெண்டு டிக் ஆயிடுச்சு. ஒண்ணு எங்கக்கா?"

அவருக்குப் பின்னால், பத்தடியில், அது நின்றுகொண்டிருந்தது. காட்டில் வேறு எதுவும் நிற்கவில்லை. சாலை வரைக்கும் வெட்டவெளியாகத் தெரிந்தது. பள்ளம் தோண்டிக் கொட்டிய மண், அடிமரத்தை முழங்கால் உயரத்துக்கு மூடியிருந்தது. அந்த நகமளவு எண் மண்ணுக்குள்ளே இருந்தது.

"ஒண்ணுன்னு எதுவும் கிடையாது. ரெண்டுல இருந்துதான் ஆரம்பிச்சேன்."

மேஸ்திரி பட்டியலின் முதல் வரியைப் பார்த்தார். ஒன்று, சுற்றளவு தொண்ணூற்று ஒன்று அங்குலம் என்று இருந்தது.

"லிஸ்ட்ல இருக்கேக்கா."

"அது என் தப்பு. சும்மா எழுதிட்டேன்."

"அப்ப இது?" என்று கட்டைவிரலால் பின்னால் காட்டினார்.

"அது ஆஸ்பத்திரி மரம். உங்க எல்லைக்குள்ள வராது. எனக்கு எண்ணத் தெரியலைன்னே எழுதிக்கோங்க."

பாய்லர் அண்ணன் அடுப்பைக் கிளறுகிற மாதிரிக் குனிந்துகொண்டார். மேஸ்திரி அவளையும் மரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரிந்தது. பென்சிலை எடுத்து முதல் வரியின் மேல் கோடு இழுத்து, பக்கத்தில் எழுதினார். எழுதியதைப் படித்தும் காட்டினார். கணக்கெடுத்தவர் பிழை, இந்த எண்ணில் மரம் இல்லை. கீழே கையெழுத்துக் கேட்டார். போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்குப் போனபின் மகளிடம், இன்றைக்கு ஒரு பொய் சொன்னேன் என்று மட்டும் சொன்னாள். மகள் அம்மாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்பவாவது வந்துச்சே" என்றாள். கேலியாக ஆரம்பித்த குரல் கேலியாக முடியவில்லை.

மறுநாள் காலை அவள் வேலைக்கு வந்து மைப்புட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது மஞ்சள் இயந்திரம் ஒன்று சுவரோரமாக வந்தது. நிலத்தைச் சமப்படுத்துகிற இயந்திரம். அது நிற்கவும் இல்லை, தயங்கவும் இல்லை. இரண்டு முட்டு. மூன்றாவது முட்டில் மரம் வேரோடு சாய்ந்தது. மண் உதிர்ந்த அடிமரத்தில், இப்போது வானத்தைப் பார்த்தபடி, கறுப்பு மையில் ஒன்று தெரிந்தது. ஒரு மழைக்கும் அது அசைந்திருக்கவில்லை. யாரும் எண்ணைக் கத்தவில்லை.

மேஸ்திரி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"டிரைவருக்கு லிஸ்டே கிடையாதுக்கா. சுண்ணாம்புக் கோட்டுக்குள்ள நிக்கிறதை எல்லாம் தள்ளச் சொல்லிட்டாங்க. நான் சொன்னேன், அவன் காதுல விழல." கையிலிருந்த பட்டியலை என்ன செய்வதென்று தெரியாமல் நான்காக மடித்தார். "இந்த லிஸ்ட் இல்லாட்டியும் தள்ளியிருப்பாங்க போல."

அவள் தலையாட்டினாள். வெட்டவெளியிலிருந்து புழுதியும் வெயிலும் உள்ளே அடித்தன. எழுந்து போய்ப் பின்கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். பிரசவ வார்டுக் கட்டு மேஜைமேல் காத்திருந்தது, ஐம்பது விரிப்பு. மூலை மூலையாகப் புரட்டி எண்ணினாள். ஐம்பது வந்தது.

கட்டாமல், மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தாள். பாய்லர் அண்ணன் பார்த்தும் பார்க்காதது போல நின்றார். முடித்ததும் கட்டை அவர் பக்கம் தள்ளி, "நீங்க ஒரு தடவை எண்ணிப் பாத்துடுங்கண்ணே" என்றாள்.