ஒரே சட்டிக் காளான்

பறித்தது என் வீட்டுக்காரர். கழுவி அரிந்தது என் மாமியார். அடுப்பில் ஏற்றிக் கிளறியது மட்டும் நான். ஆனால் மருந்து வைத்தவள் என்ற பேர் யாருக்கு? எனக்கு! புருஷனைக் கைக்குள் போட்டுக்கொள்ளச் சோற்றில் எதையோ கலந்துவிட்டேனாம். பிள்ளைகள் வளர்ந்து கோலாலம்பூருக்கு வேலைக்கும் போன பிறகு, இந்த மனுஷனைக் கைக்குள் போட்டு நான் என்ன செய்யப் போகிறேன்?

பத்து காஜா டவுன் பக்கம் நான் பிறந்த எஸ்டேட் இருக்கிறது. ரப்பர்ப் பால்மரத்தையெல்லாம் வெட்டிவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்துவிட்டார்கள். லயத்து வீடுகளில் ஆளில்லை. முனியாண்டி கோயில் மட்டும் அப்படியே நிற்க, வருஷா வருஷம் பழைய ஆட்கள் எங்கெங்கிருந்தோ வந்து பொங்கல் வைப்போம். இந்தத் தடவை முதல் நாள் நல்ல மழை. பூஜை முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். கோயிலுக்குப் பின்னால் போன என் வீட்டுக்காரர் ஒரு பை நிறையக் காளானோடு வந்தார்.

“புத்துல இருந்துதானே எடுத்தீங்க?” என்று கேட்டேன். என் அம்மா புற்றுக் காளானைத் தவிர வேறு எதையும் தொடமாட்டார்.

“ஆமாலா. முனியாண்டி இடத்துல மொளைச்சது, கெட்டதா இருக்குமா?”

அவர் சிலிபின் டவுனில் பிறந்து வளர்ந்தவர். அவருக்குப் புற்றும் தெரியாது, புல்லும் தெரியாது. இப்போது செம்பனைக்கு நடுவே மாடு மேய விடுகிறார்கள் என்பது எனக்கும் அன்று உறைக்கவில்லை. கூட வந்திருந்த அத்தை, அதுதான் என் மாமியார், அந்தப் பையை வாங்கிச் சாமிமுன் வைத்துக் குங்குமம் தொட்டு வைத்தார். கோயில் மண்ணில் கிடைத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாதாம். மறுநாள் வீட்டில் நான் குளித்துவிட்டு வருவதற்குள் காளானை அரிந்து தட்டில் குவித்திருந்தார். துண்டு துண்டாய்ப் போனபிறகு எது எந்தக் காளான் என்று யாருக்குத் தெரியும்?

மிளகு தூக்கலாகப் போட்டுப் பிரட்டினேன். மூன்று பேரும் சாப்பிட்டோம். அத்தை இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்ததும் தன் அறைக்குப் படுக்கப் போனார். அந்த அறை பட்டப்பகலிலும் இருட்டுத்தான். கொசு வரும் என்று ஜன்னலைத் திறக்கவே விடமாட்டார். சுவரில் மாமாவின் மாலை போட்ட படம், அதன்மேல் அணையாத ஒரு சின்ன சிவப்பு பல்பு, எதிரே கண்ணாடி வைத்த அலமாரி. என் வீட்டுக்காரர் கார் நிறுத்தும் இடத்தில் நாற்காலியைப் போட்டுக் காற்றாட உட்கார்ந்தார். அங்கிருந்து பார்த்தால் கூரைகளுக்கு மேலே சுண்ணாம்பு மலை தெரியும். நான் அடுப்படியில் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் தரைக்கல்லின் கோடுகள் நெளிந்தன. பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்தேன். பிறகு குழாய்த் தண்ணீர் யாரோ முணுமுணுப்பதைப் போல் கேட்டது. பயந்துபோய்க் குழாயை மூடினேன். மூடியும் முணுமுணுப்பு நிற்கவில்லை. உள்ளதைச் சொன்னால், எனக்கு முதலில் சந்தேகம் வந்தது இந்த ஆள்மேல்தான். எதையாவது வாங்கிவந்து கலந்துவிட்டாரோ என்று சுவரைப் பிடித்துக்கொண்டே வாசலுக்கு வந்தேன்.

அங்கே அவர் கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“இங்க வந்து பாரேன். மலை மூச்சு விடுதுலா,” என்றார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு சாந்தத்தை நான் பார்த்ததில்லை. என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் அறையிலிருந்து அத்தை அலறினார். “அலமாரிக்குள்ள யாரோ நிக்கிறாங்கடா! உங்கப்பா முறைக்கிறாருடா!”

அவர் எழுந்து ஓடினார். பின்னாலேயே நானும் தட்டுத் தடுமாறிப் போனேன். கட்டிலில் சுருண்டு கிடந்த அத்தை அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

“மருந்து வெச்சுட்டாடா! உம் பொண்டாட்டி சோத்துல மருந்து வெச்சுட்டாடா!”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஐயோ, அந்தப் பார்வை! சற்றுமுன் என் கையைப் பிடித்த மனுஷன், அந்தச் சிவப்பு வெளிச்சத்தில் என்னை யாரோ மாதிரி பார்த்தார். நான் ஓர் அடி முன்னே வைத்தேன். அவர் பின்வாங்கி அலமாரியோடு ஒட்டிக்கொண்டார்.

“நானும் அதைத்தானே தின்னேன்!” என்று கத்தினேன்.

“நீ கொஞ்சமாத்தானே போட்டுக்கிட்ட,” என்றார்.

ஆக்குகிறவளுக்குச் சட்டியின் அடிதான் மிஞ்சும். அதுவும் குற்றமாகிவிட்டது.

என் கூச்சல் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்தார். “என்னாலா ஆச்சு இந்த வீட்டுக்கு?” என்று கேட்டபடியே அத்தையைத் தூக்கி நிறுத்தி, தாங்கிப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோய் நாற்காலியில் உட்காரவைத்தார். அங்கே போனதும் அலறல் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அத்தை மலையைப் பார்த்தார். “காத்து நல்லா இருக்கு,” என்றார். அதே வயிறு, அதே காளான்! என் வீட்டுக்காரர் மட்டும் அந்த அறையைவிட்டு வெளியே வரவில்லை. அக்கா அதட்டித்தான் அவரைக் காரில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் ஒரு தமிழ் டாக்டரம்மா எங்களைப் பார்த்தார். மீதி இருந்த பிரட்டலை அக்கா டப்பாவில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மாட்டுச் சாணத்தில் முளைக்கிற மயக்கக் காளானாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர். யார் யார் எங்கே இருந்தோம் என்று விசாரித்தார்.

“மூணு பேரு தின்னதும் ஒண்ணுதான். ஆனா அது உள்ள போயிட்டா, நீங்க இருக்கிற இடமும் கூடவே உள்ள போயிடும். இருட்டு ரூம்ல படுத்திருந்தவங்களுக்குப் பயம். வெளிய உட்கார்ந்தவருக்குச் சந்தோஷம். யாரு மேலயும் குத்தம் இல்ல. இனிமே தெரியாத காளானைத் தொடாதீங்க,” என்றார்.

சாயங்காலத்துக்குள் மூவருக்கும் தெளிந்துவிட்டது. டாக்டர் சொன்னதைக் கேட்டு என் வீட்டுக்காரர் நன்றாகத் தலையாட்டினார். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. மருந்து என்ற அந்தச் சொல்லை அத்தை வாசலில் மலையைப் பார்த்தபடி சொல்லியிருந்தால் இவர் சிரித்திருப்பார். நானும் சிரித்திருப்பேன். போயும் போயும் அந்த அறையில் வைத்தல்லவா சொன்னார்! காளான் அன்றைக்கே இறங்கிவிட்டது. கூடவே உள்ளே போனது இறங்கியதா?

அத்தையைப் பற்றிக் குறை சொல்லமாட்டேன். முனியாண்டி சோதித்துவிட்டார் என்று தெருவெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, மறுநாளே “இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்து” என்று தட்டை நீட்டினார். கத்தியவருக்குக் கத்தியதோடு போயிற்று. இவர் வாயே திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். தட்டு வைத்ததும், “சூடா இருக்கு, ஆறட்டும்,” என்பார். நான் ஒரு வாய் வைக்கும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் மீன் துண்டை முதலில் பூனைக்குப் போட்டார். பூனை நன்றாகத்தான் இருக்கிறது.

நானாகக் கற்பனை செய்கிறேனோ என்று என்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது. அதனால் போன வாரம் ஒரு மத்தியானம், ஐஸ்பெட்டியில் இருந்த தயிர்ச்சோற்றை அப்படியே எடுத்து அவர்முன் வைத்தேன். கிண்ணத்தின் வெளிப்புறம் முத்து முத்தாய் நீர் கோத்திருந்தது. எனக்கும் ஒரு கிண்ணம் வைத்துக்கொண்டு, கை வைக்காமல் உட்கார்ந்தேன். அவர் சோற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“சூடா இருக்கு,” என்றார். “ஆறட்டும்.”