தண்ணீர் படாத துணி

போர்வை தைக்க உட்கார்ந்தபோது வீட்டில் அம்மா, அக்கா, நான் மூவரும் இருந்தோம். நைனா இல்லை. வல்லத்துப் பக்கம் வேர்க்கடலை, எங்கள் பேச்சில் மல்லாட்டை, பிடுங்கும் வேலைக்குப் போனவர் ஞாயிற்றுக்கிழமைதான் திரும்புவார். திங்கட்கிழமை நான் திண்டிவனத்தில் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் சேர வேண்டும். படுக்கை கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனதே நான்தான் முதல். படுக்கையைச் சுருட்டிக்கொண்டு படிக்கப் போகும் வழக்கமெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

ஜமுக்காளம் வாங்க நைனா நான்கு ரூபாய் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டிய முன்பணத்திலும் எங்களிடம் அதே நான்கு ரூபாய்தான் குறைவாக இருந்தது. அம்மா அந்த நோட்டுகளை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"படுக்கைக்குப் போய் காசு குடுப்பாங்களா? நான் தச்சிடறேன். விரிக்கவும் ஆவும், போத்தவும் ஆவும்."

கிழிந்த புடவைகளை அடுக்கி ஓட்டுத்தையல் போட்டு அவள் தைத்த போர்வைகளில்தான் நாங்கள் வளர்ந்தோம். ஆனால் மற்ற ஊர்ப் பிள்ளைகளோடு படுக்கப் போகிறவனுக்குக் கந்தல் வேண்டாம் என்று, கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்த பாயிடம் ஒரு கோணி நிறைய வெட்டுத்துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தாள். எல்லாம் புதுசு. நிஜார் காக்கி, சட்டைப் பாப்ளின், பாவாடைச் சீட்டி, மல். பின்பக்கத்துக்கு மட்டும் அம்மாவின் பழைய புடவை.

அக்கா நிறம் பார்த்து அடுக்கினாள். "காக்கிய ஓரத்துல வச்சா போலீசு மாதிரி இருக்குதும்மா."

"இருக்கட்டும்டி. ஆஸ்டல்ல எவனும் திருட மாட்டான்."

வெள்ளிக்கிழமை தைத்து முடித்தார்கள். என்னைத் தரையில் படுக்கவைத்துப் போர்த்திப் பார்த்தாள் அம்மா. கழுத்திலிருந்து கால் விரல் வரை மூடியது. துணியில் கஞ்சி வாசனை அடித்ததால் மறுநாள் காலையில் குளத்தில் அலசி, மலையடிப் பாறையில் காயப்போட்டாள்.

மதியம் எடுத்து வந்தபோது போர்வை சுட்ட அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. மல் துண்டுகள் நன்றாகச் சுருங்கி இழுத்துக்கொண்டிருந்தன. காக்கி அவ்வளவு இழுக்கவில்லை. பழம்புடவை சுருங்கவே இல்லை, பின்னால் பை மாதிரி தொங்கியது. மறுபடி படுத்தேன். கணுக்கால் வெளியே நின்றது.

அம்மா அதை அள்ளிக்கொண்டு பாய் கடைக்கு நடந்தாள். நானும் கூடப் போனேன். பாயின் மனைவி பாயம்மா விரித்துப் பார்த்த உடனே சிரித்துவிட்டார்.

"ஐய, கோடித்துணிய நனைக்காமயா தச்ச? ஊறப்போட்டு, காயவச்சுட்டுத்தானே ஊசியவே எடுக்கணும்!"

"எங்க ஊட்ல கோடித்துணிய எப்ப தச்சோம் பாயம்மா? நான் தைக்கறதெல்லாம் வருசக்கணக்கா தொவச்ச துணி. அதுல சுருங்க இன்னா மிச்சம் இருக்குது?"

மிஷினில் உட்கார்ந்திருந்த பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போர்வ இனிமே நீளாது. ஒம் புள்ளைய வேணா ஒரு ராத்திரி தண்ணித் தொட்டில ஊறப்போடு. அளவுக்கு வந்துடுவான்."

அம்மாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். "நாளான்னிக்குப் போவணும் பாய். கால் வெளிய தெரிய படுத்திருந்தா பசங்க இன்னா பேசுவாங்க?"

பின்பக்கப் புடவையைப் பிரித்து இழுத்துத் தைத்து, சுற்றிலும் அகலமாகக் காடாத் துணியில் கரை வைத்தால் நெளிவும் போகும், காலும் மூடும் என்றார் பாய். ஆனால் கரைக்கு வெட்டுத்துண்டு ஆகாது. முழுத்துணியிலிருந்துதான் கிழிக்க வேண்டும்.

அம்மா முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவிழ்த்தாள்.

"கிழிங்க. ஆனா மொதல்ல நனைச்சுடுங்க."

ஞாயிறு சாயங்காலம் நைனா வந்தார். அக்கா போர்வையை நீட்டினாள். அவர் என்னைவிட உயரம். படுத்துப் போர்த்திக்கொண்டபோது காடாக் கரை அவர் குதிகாலையும் தாண்டிக் கிடந்தது.

"நல்லாத்தான் இருக்குது," என்றார்.

அப்போதுதான் அம்மா, முன்பணத்துக்கு அவருடைய கூலியிலிருந்து நான்கு ரூபாய் கேட்டாள். நைனா எழுந்து உட்கார்ந்தார்.

"ஜமுக்காளந்தான் வாங்கலியே. நான் குடுத்தது எங்க?"

"துணி சும்மாதான் வந்துது," என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்துக்கொண்டே. "காடா, நூலு, மிஷின் கூலி எல்லாம் சேத்து நாலு ரூபா நாலணா."