சித்தப்பா ஒட்டிய லாரி

ஆயுத பூசையன்று வண்டிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது எதற்கென்று இன்றுவரை எனக்கு யாரும் ஒழுங்காகச் சொன்னதில்லை. திருஷ்டி கழியும் என்பார்கள். யாருடைய திருஷ்டி, எங்கே போய்க் கழிகிறது என்று கேட்டால், வாயை வைத்துக்கொண்டு சும்மா இரு என்பார்கள். அதனால் நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

அருப்புக்கோட்டையில் எங்களுக்குக் கொத்தமல்லி, மிளகாய் வத்தல் வியாபாரம். பரளச்சி, திருச்சுழிப் பக்கம் வானம் பார்த்து விளைகிற மல்லியை மூட்டை மூட்டையாக வாங்கி வெளியூருக்கு அனுப்புவோம். அப்பா கடையில் இருப்பார். அவருடைய தம்பி, என் சித்தப்பா, எங்கள் சொந்த லாரியை ஓட்டினார். கல்யாணமாகாதவர். வீட்டின் மாடி அறை அவருடையது. அந்த அறையில் அவருக்கு ஒரு விசித்திரமான பொழுதுபோக்கு இருந்தது. சின்னஞ்சிறு கார்களையும் லாரிகளையும் ஒட்டிச் சேர்ப்பார்.

சிங்கப்பூரில் வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் ஊருக்கு வரும்போதெல்லாம் அவருக்கு ஓர் அட்டைப்பெட்டி கொண்டுவருவார். உள்ளே ஒரு முழு வண்டியும் துண்டு துண்டாக, பிளாஸ்டிக் சட்டத்தில் காய்த்துத் தொங்குவதுபோல் இருக்கும். சித்தப்பா ஒவ்வொன்றையும் நகவெட்டியால் நறுக்கி, உப்புத்தாளில் தேய்த்து, பசை வைத்து ஒட்டுவார். கதவின் கைப்பிடி ஓர் அரிசி அளவுதான் இருக்கும். அதை இடுக்கியில் பிடித்துக்கொள்ளும் வேலை எனக்கு. மூச்சு விட்டால் பறந்துவிடும் என்று பயமுறுத்தி வைத்திருந்ததால் முகம் சிவக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பேன். "லாரி ஓட்டுறவுக வீட்டுக்கு வந்தா படுத்துத் தூங்குவாக. இவுக வந்து இன்னொரு லாரி செய்றாக" என்று அம்மா சிரிப்பாள்.

நான் இரண்டாம் வகுப்புப் படித்த வருஷத்து ஆயுத பூசை. லாரியைக் கழுவி, இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, கடை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். அப்பா உள்ளே தராசுக்குச் சூடம் காட்டிக்கொண்டிருந்தார். எங்கள் கடை லோடுமேன் சக்கரங்களுக்கு முன்னால் பழம் வைத்தார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். எல்லாம் வைத்தாயிற்று என்று 'ரைட்' சொல்கிற உரிமையை அந்த வருஷம் சித்தப்பா எனக்குக் கொடுத்திருந்தார். "நீ சொன்னாத்தான் எடுப்பேன் தாயி. நல்லாப் பாத்துச் சொல்லு" என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார்.

நான் கடைப்படியில் நின்று பார்த்தேன். முன்சக்கரங்களில் பழம் இருந்தது. வலது கையை வீசி, "ரைட், போலாம்" என்று கத்தினேன். பூசணிக்காய் உடைத்த சத்தத்திலும் பொரிக்கு அடித்துக்கொண்ட பிள்ளைகளின் கூச்சலிலும் அது சித்தப்பாவுக்கு மட்டும்தான் கேட்டது. இடது பின்சக்கரத்துப் பழம் உருண்டு உள்ளே போய்விட, மாமா அதை எடுக்கக் குனிந்து கையையும் தலையையும் உள்ளே விட்டிருந்தார். லாரி நகர்ந்தது.

என்னை யாரோ தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். நான் எதையும் பார்க்கவில்லை. மாமாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார்கள். மூன்றாம் நாள் அவர் இறந்துவிட்டார் என்றார்கள். இரண்டையும் நான் நம்பினேன். ஆஸ்பத்திரியில் ஏதோ காய்ச்சல் வந்து செத்துப்போனார் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன். ஏழு வயதுக்கு அது போதுமானதாக இருந்தது.

பூசையன்று சாயங்காலமே போலீஸ்காரர் ஒருவர் வந்து, வண்டியை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்டார். "யாரும் சொல்லல. நானாத்தான் எடுத்தேன்" என்றார் சித்தப்பா. எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. தொண்டை கிழியக் கத்தியது நான். ஒரு வருஷமாகக் கெஞ்சி வாங்கிய உரிமை அது. வாயைத் திறந்தேன். சித்தப்பா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அதுவரை அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் லாரியில் ஏறவில்லை. கீழே சாப்பிட வருவதும் நின்றுபோனது. அம்மா தட்டை மாடிக்குக் கொண்டுபோவாள், பாதிச் சாப்பாட்டோடு திரும்பக் கொண்டுவருவாள். அவருக்கு மனசு கெட்டுப்போய்விட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஆனால் மாடியில் அவர் ஒரு நாளும் சும்மா இருக்கவில்லை. பிரிக்காமல் வைத்திருந்த ஒரு லாரிப் பெட்டியைப் பிரித்து, அதை எங்கள் லாரியாகவே மாற்றிக்கொண்டிருந்தார். நிஜத்தில் இருபத்துநாலு அங்குலம் இருப்பது அதில் ஓர் அங்குலம். வெளிநாட்டு வண்டி என்பதால் ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. அறுத்து வலப்பக்கம் வைத்தார். குடோனில் நின்ற லாரியை டேப்பால் அளந்து அளந்து எழுதி வந்து, பலகை அடைப்பைத் தீக்குச்சியில் கட்டினார். ரப்பரைச் செதுக்கி ஓட்டுகிற ஆளை உட்காரவைத்தார். பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் குனிந்த மாதிரி இன்னொரு ரப்பர் ஆள். டிரைவரின் கண்ணிலிருந்து இடது கண்ணாடிக்கு ஒரு தையல் நூல், கண்ணாடியிலிருந்து பின்சக்கரத்துக்கு ஒரு நூல். நான் அதைத் துணி காயப்போடுகிற கொடி என்று நினைத்தேன். சித்தப்பா இவ்வளவு அழகாக விளையாடுகிறாரே, நம்மைச் சேர்த்துக்கொள்ளவில்லையே என்றுதான் எனக்கு வருத்தம்.

அடுத்த ஆயுத பூசைக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் அப்பாவை மாடிக்குக் கூப்பிட்டார். நானும் பின்னால் போனேன்.

"அண்ணே, இந்த நூலப் பாரு. பலகையில முட்டிருது. குனிஞ்சிருந்தா ஆளு தெரிய வழியே இல்ல. எத்தன தடவ வேணும்னாலும் வச்சுப் பாரு. நான் கண்ணாடியப் பாத்தேன்ணே. பாத்துட்டுத்தான் எடுத்தேன்."

அப்பா தரையில் உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியின் தலையைப் பிடித்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். "நீ பாக்காம எடுத்துட்டன்னு ஒரு வருசமா உம்மேல வெறுப்பா இருந்தேன்டா. நாளைக்கே செத்தவுக வீட்டுல போயி நான் சொல்றேன்" என்றார். இரண்டு பேரும் அழுதார்கள். அன்று சித்தப்பா கீழே வந்து எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், ரசம் இரண்டு தடவை வாங்கிக்கொண்டார். அம்மா அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

எனக்கு ஒரே சந்தோஷம். மறுநாள் காலையில் எங்கள் வீட்டில் பூசை எதுவும் கிடையாது. யாருக்கும் அதற்கு மனசில்லை. மாடியில் ஒரு லாரி புதுசாக நிற்கிறதே, அதுவும் பூசையில்லாமல் இருக்க வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. சந்தனத்தைக் கரைத்து முன்கண்ணாடியில் அப்பினேன். குங்குமம் வைத்தேன். எலுமிச்சம்பழம் அந்த லாரிக்குப் பெரிது. அடுப்படியிலிருந்து சுண்டைக்காய் எடுத்துவந்து முன்சக்கரம் இரண்டுக்கும் வைத்தேன். சித்தப்பா குளித்துவிட்டு ஈரத் தலையோடு உள்ளே வந்தார். நான் வலது கையை வீசி, "ரைட், போலாம்" என்றேன்.

அவர் துண்டைப் பிடித்தபடியே நின்றார். பிறகு மெதுவாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"பின்சக்கரத்துக்குக் காய் வைக்கலியே தாயி?"

"முன்னாடி வச்சுட்டேன்ல."

"அன்னைக்கு நீ பின்னாடி பாத்தியா?"

"பின்னாடி எதுக்குப் பாக்கணும்? லாரி முன்னாடிதான போகும்?"

அவர் என் கன்னத்தில் ஒட்டியிருந்த சந்தனத்தைத் துண்டால் துடைத்துவிட்டார். மேசையிலிருந்த பிளேடை எடுத்து, நூல் இரண்டையும் அறுத்தார். அப்பா அப்போதுதான் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு மாமாவின் வீட்டுக்குக் கிளம்பியிருந்தார். சித்தப்பா படிமேல் நின்று கூப்பிட்டார்.

"அண்ணே, போகாத. தப்பா அளந்துட்டேன். இன்னைக்குச் சரியா வச்சுப் பாத்தேன், ஆளு நல்லாத் தெரியுது. நான்தான் கண்ணாடியப் பாக்கல."

அப்பா ஏறி வந்து அறுந்த நூலைப் பார்த்தார். ஒரு வருஷம் காத்திருந்து கிடைத்தது ஒரே நாளில் கையை விட்டுப் போன ஆத்திரம் அவருக்கு. "அப்ப நேத்து எதுக்குடா என்னையப் பைத்தியக்காரனாக்குன?" என்று கேட்டுவிட்டுத் தம்பியை ஓங்கி அறைந்தார். சித்தப்பா வாங்கிக்கொண்டார். கோர்ட்டிலும் அதையே சொன்னார். தண்டனை முடிந்து வந்து இன்னும் நாலு வருஷம் அந்த மாடியில் இருந்தார். ஒரு பெட்டியையும் பிரிக்கவில்லை. அப்பா அவரோடு பேசவில்லை. மஞ்சள் காமாலையில் சித்தப்பா போனபோதும் அப்பாவின் கோபம் போகவில்லை. இப்போது அப்பாவும் இல்லை.

போன வருஷம் நான் கார் ஓட்டப் பழகினேன். முதல் நாள் சீட்டில் உட்கார்ந்து இடது கண்ணாடியைத் திருப்பி வைத்தபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. சித்தப்பாவின் கண்ணுக்கு அந்த ஆள் தெரியவில்லை என்றால், அடுத்து யாராவது ஒருவர், வண்டியை எடுக்கச் சொன்னது யார் என்று கேட்பார். அன்றைக்கு ஓட்ட முடியாமல் வண்டியை விட்டு இறங்கி, ரோட்டோரத்தில் நின்று அழுதேன். இனிமேல் இதை யாரிடம் போய்ச் சொல்வது?

அறை விழுந்த அந்தக் காலையில் எனக்கு அதெல்லாம் எங்கே தெரிந்தது? "சித்தப்பா பொய் சொல்றாகப்பா. அவுக இன்னைக்கு ஒண்ணுமே அளக்கல" என்று அப்பாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். அப்பா என்னை உதறிவிட்டுப் போனார். நான் செய்த பூசை பிடிக்காமல்தான் சித்தப்பா எல்லாவற்றையும் கெடுத்துவிட்டார் என்று எனக்கு அவர்மேல் அப்படியொரு கோபம். கட்டைவிரலை மோவாயில் இடித்து, இனிமேல் பேச்சில்லை என்று அவரோடு கா விட்டேன். அவர் சரி என்று தலையாட்டினார்.