ஒரு சாண் தாழ்ந்த கப்பல்

தேநீர்க் கோப்பையைக் கையில் வாங்கியவுடன் அந்த அம்மா உதட்டுக்குக் கொண்டுபோவதில்லை. உள்ளங்கையில் வைத்து ஒருமுறை மேலும் கீழும் அசைக்கிறார். "முந்நூத்திப் பத்து கிராம். இன்னைக்குக் கொஞ்சம் குறைச்சலா ஊத்தியிருக்கே," என்கிறார். கேன்டீன்காரர் சண்டைக்கு வருவதில்லை. முன்பொரு நாள் சந்தேகப்பட்டு மின்தராசில் வைத்துப் பார்த்தார். நான்கு கிராம்தான் வித்தியாசம். அன்றிலிருந்து அந்தக் கப்பல் கட்டும் தளத்தில் அந்த அம்மாவுக்குத் 'தராசு' என்று பெயர். நேரில் மேடம், முதுகுக்குப் பின்னால் தராசு. அது அவருக்கும் தெரியும். "என்ன வேணா கூப்பிட்டுக்கட்டும். கப்பல் நேரா நின்னாப் போதும்."

வயது ஐம்பத்து மூன்று. கடற்படைக்கான ரோந்துக் கப்பல்களுக்கு எடை பார்ப்பதுதான் நெடுநாள் வேலை. இன்ஜினிலிருந்து கழிப்பறைக் கதவின் கீல் வரை கப்பலுக்குள் போகும் ஒவ்வொரு சாமானும் எவ்வளவு கனம், தண்ணீர் மட்டத்துக்கு எவ்வளவு மேலே அல்லது கீழே உட்காரப்போகிறது என்று கணக்கிட்டு, "இது கவிழாது" என்று கையெழுத்துப் போட்டவர். பெயின்டுக்கும் எடை உண்டு. "பன்னெண்டு டன்னு. சொன்னா யாரு நம்புறாங்க? முதல்ல நானே நம்பலை."

கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். மெலிந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். மனைவியைப் பற்றிக் கேட்டால் மட்டும் வாய் திறப்பார். "மகளை நர்ஸ் கொண்டுவந்து இவ கையில குடுத்தப்ப, 'ரெண்டு எண்ணூறு'ன்னு சொன்னா. குழந்தை யாரு ஜாடைன்னு பார்க்கலை. நர்ஸ் சீட்டைப் பார்த்துட்டு என்னையப் பார்த்தாங்க. நான் சுவரைப் பார்த்தேன்."

ரோந்துக் கப்பல் என்றதும் பீரங்கி, குண்டு என்று யாராவது ஆரம்பித்தால் தராசுக்குக் கோபம் வரும். "இது சண்டைக்குப் போறதுக்கில்லைங்க. வாரக்கணக்கா கடல்ல கிடக்கணும். திருட்டுத்தனமா மீன் பிடிக்கிறவனை மறிக்கணும். கடத்தல்காரனைத் துரத்தணும். எவனாவது மூழ்கினா ஓடிப்போய்த் தூக்கணும். துப்பாக்கி பேருக்கு ஒண்ணு இருந்தாப் போதும். பின்னாடி ஒரு படகு இருக்கு பாருங்க, அதுக்காகத்தான் மொத்தக் கப்பலும்."

அந்தப் படகு நிற்கும் அறை கப்பலின் பின்முனையில் இருக்கிறது. அகலமான கதவு, கதவுக்கு வெளியே கடலுக்குள் இறங்கும் சரிவு. கப்பல் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போதே கதவைத் திறந்து படகைச் சரியவிட்டால் அரை நிமிடத்தில் அது தண்ணீரில் இருக்கும். எல்லாம் அந்த வாசலின் உயரத்தில் இருக்கிறது. மிக உயரமென்றால் படகு குப்புற விழும். தாழ்ந்துவிட்டால் கடல் உள்ளே வந்துவிடும். மூன்று மீட்டர் அலையிலும் படகு இறங்க வேண்டும் என்று அந்த உயரத்தைக் குறித்தவர்களில் தராசும் ஒருவர். அதற்கு அவருக்கு எட்டு மாதம் பிடித்தது.

முதல் கப்பல் பாதி கட்டி முடிந்த நிலையில் ஒவ்வொன்றாக வந்தது. சின்னத் துப்பாக்கி போதாது, பெரியது வேண்டும். உச்சியில் இன்னொரு ரேடார். மேல்தளத்து அறையைச் சுற்றி இரும்புத் தகடு. ஒவ்வொரு தடவையும், "ஒரு சின்னச் சாமான்தானே மேடம்," என்றார்கள். பெரிய துப்பாக்கி உட்கார்ந்ததும் கப்பலின் மூக்கு கவிழ்ந்தது. அதைத் தூக்கி நிறுத்தவும், மேலே ஏறிய கனத்துக்கு ஈடு கட்டவும், பின்பக்க அடிவயிற்றில் எழுபது டன் இரும்புக் கட்டியை அடுக்க வேண்டியதாயிற்று. கப்பல் நேராகத்தான் நின்றது. ஆனால் பின்பக்கம் ஒரு சாண் தாழ்ந்துவிட்டது.

தராசு நான்கு பக்கம் எழுதினார். 'இந்தக் கூடுதல் எடையை ஏற்றக் கூடாது' என்பது அதன் கடைசி வரி. தலைமை வடிவமைப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். கெட்ட மனிதர் அல்ல. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்ன பிறகுதான் பேசினார்.

"ரெண்டு மீட்டர் அலை வரைக்கும் படகு இறங்கினாப் போதும்னு கடற்படையே எழுதிக் குடுத்தாச்சு. உனக்கென்னம்மா?"

"அலை எழுதிக் குடுத்துச்சா சார்?"

சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். "நீ இப்படி எழுதினா இந்தக் கப்பல் ஒரு வருஷம் தள்ளிப்போகும். அடுத்த ரெண்டும் வேற தளத்துக்குப் போயிடும். கீழ அறுநூறு பேர் வெல்டிங் அடிச்சிட்டிருக்காங்க. அவங்க வீட்டுல போய் நீ சொல்லு."

அன்று மாலை அந்த அறிக்கை வீட்டுக்கு வந்தது. வழக்கம்போலக் கணவர் பென்சிலோடு படித்தார். கடைசி வரியில் பென்சில் நின்றது.

"காலைல இதுல 'கூடாது' இருந்துச்சே?"

"மாத்திட்டேன்."

'ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது' என்றிருந்தது இப்போது. கணவர் இன்னொரு தடவை படித்தார். "பிழை ஒண்ணும் இல்ல," என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு சாமி விளக்கைத் துடைக்கப் போனார்.

கப்பல் கடலுக்குப் போன இரண்டாவது குளிர்காலத்தில், காலை பதினொரு மணிக்கு, ஒரு சரக்குப் படகு மூழ்கியது. பதினான்கு பேர். ரோந்துக் கப்பல் ஒன்றரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்காகக் கட்டப்பட்ட கப்பல்தானே. அலை இரண்டரை மீட்டர். பின்கதவைத் திறந்தார்கள், மூடினார்கள். பிறகு பக்கவாட்டில் கயிற்று வலையைத் தொங்கவிட்டார்கள். குளிரில் விறைத்த கைகள் வலையைப் பிடிக்க மறுத்தன. ஐந்து பேர் மேலே வந்தார்கள்.

விசாரணைக் குழு தராசை இருபது நிமிடம் கேட்டது. அலை வரம்பைத் தாண்டியிருந்தது, அறிக்கையில் எச்சரிக்கையும் இருந்தது, எல்லாம் விதிப்படி. எழுந்து நின்று நன்றி சொன்னார்கள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கணவரிடம் சொன்னார்: "யாராவது ரெண்டு வார்த்தை திட்டியிருந்தாக்கூடத் தேவலை."

அடுத்த மாதம் கப்பல் பழுதுபார்க்கத் தளத்துக்கே வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தராசு தனியாக அதன் பின்னறைக்கு இறங்கிப் போனார். நாற்பது வயதிருக்கும் ஓர் ஆள் சுவர்த் தகட்டின் நெளிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பலின் படகோட்டி.

"என்னம்மா, பெயின்டுக்கு அளவெடுக்க வந்தீங்களா?"

"இல்ல. வாசலைப் பார்க்கணும்."

"நல்லாப் பாருங்க. அன்னைக்கு அம்பது அடி தூரத்துல இருந்தாங்கம்மா. மூஞ்சி தெரியுது. ஒருத்தன் தொப்பியைக் கழட்டி ஆட்டுறான். கதவைத் திறந்தோம், பாதிக் கடல் உள்ள வந்துடுச்சு. படகைத் தூக்கி இந்தச் செவுத்துல ஒரே அடி. என் கூட்டாளிக்குக் காலு முறிஞ்சுபோச்சு. கேப்டன் மூடுன்னாரு, மூடிட்டோம்." குனிந்து, வாசல் விளிம்பின்மேல் கையை விரித்துக் காட்டினார். "இன்னும் இவ்வளவு உசரம் இருந்திருந்தா நான் வெளியில போயிருப்பேன். மூணு நடை. பதினாலு பேரையும் அள்ளிட்டு வந்திருப்பேன்."

"எடை பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான்தான்," என்றார் தராசு.

படகோட்டி நிமிர்ந்தார். "வேண்டாம்னு சொல்லலையா நீங்க?"

"சொன்னேன். அப்புறம் அழுத்திச் சொல்லலை."

திட்டுவார் என்று தராசு காத்திருந்தார். படகோட்டி நெளிந்த தகட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். "இதை எப்ப மாத்துவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது கப்பலும் அதே வரைபடம்தான். அறிக்கை எழுதும் நாள் வந்தபோது தராசு ஒரே பக்கம் எழுதினார். அதில் 'கூடாது' இரண்டு இடத்தில் இருந்தது. தலைமை வடிவமைப்பாளர் இந்த முறை நாற்காலியைக் காட்டவில்லை. பத்து நாளில் வேறொருவர் வேறொரு அறிக்கையில் கையெழுத்திட்டார். தராசின் மேசை மூன்றாம் மாடி ஜன்னலோரத்திலிருந்து தரைத்தளத்துக்கு, பழைய வரைபடங்கள் அடைத்த அறைக்கு இறங்கியது. இப்போது துறைமுகத்துக்குள் குடிநீர் ஏற்றிப்போகும் தோணிகளுக்கு எடை பார்க்கிறார். வெளிச்சம் போதவில்லை என்று சொன்னால் இன்னொரு குழல்விளக்கு மாட்டித் தருகிறார்கள். மற்றபடி மரியாதைக்குக் குறைவில்லை. "தோணியும் மிதக்கணுமே," என்கிறார். சிரிக்க முயல்கிறார், பாதியில் விட்டுவிடுகிறார்.

போன வாரம் அந்த இரண்டாவது கப்பல் புறப்பட்டது. காலை வெயில், கைதட்டல், ஒலிபெருக்கி. தராசு கூட்டத்தில் நிற்கவில்லை. துறையின் கடைக்கோடியில், கப்பலின் பின்முனைக்கு நேரே நின்றார். மேலே கைப்பிடிக் கம்பியருகில் அதே படகோட்டி நின்றிருந்தார். இந்தக் கப்பலுக்கு மாற்றலாகியிருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள், தலையசைக்கவில்லை.

கட்டுக்கயிறுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டே வந்த தொழிலாளி அவரைக் கண்டதும் முகம் மலர்ந்தார். "நீங்க ஆரம்பிச்ச கப்பலாச்சே மேடம்! கடைசிக் கயிறு, நீங்களே எடுத்து விடுங்க. ராசியா இருக்கும்."

தராசு குனிந்து, இரும்புக் குற்றியில் மாட்டியிருந்த கயிற்றுக் கண்ணியின்மேல் இரண்டு கைகளையும் வைத்தார். கப்பல் ஒருமுறை ஊதியது. கயிறு தளர்ந்து கொடுத்தது, தூக்கினால் வந்துவிடும். அவர் தூக்கவில்லை. கப்பல் மறுபடி ஊதியது. தொழிலாளி அவர் முகத்தைப் பார்த்தார், சிரிப்பை நிறுத்தினார், பிறகு பக்கத்தில் மண்டியிட்டு அந்த விரல்களைக் கயிற்றிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தார்.