ஓடு கழற்றிய வீடு

வாவியின் மேற்குக் கரையில், வட்டை எனும் வயல்வெளி தொடங்குகிற இடத்தில் நின்றது சீதேவிப்பிள்ளையின் வீடு. வெள்ளைக்காரன் காலத்தில் கந்தப்போடி என்றொருவர் மூத்த மகளுக்குச் சீதனமாகக் கட்டியது. வாவி மட்டியைச் சுட்ட சுண்ணாம்பில் முழ அகலச் சுவர், நடுவில் முற்றம், சுற்றிவரத் தாழ்வாரம், பாலைமரத் தூண்கள், மேலே பீலி ஓடு. அன்றிலிருந்து அது மகள் வழியாகவே வந்தது. மகள் கலியாணம் முடித்தால் பெற்றோர் பாய் தலையணையோடு அதே வளவில் ஒரு குடிலுக்குப் போய்விட வேண்டும். ஊர் வழக்கம் அது. சீதேவிப்பிள்ளைக்கு ஒரே மகள், கண்ணகை. தொண்ணூறில் அவளுக்கு எட்டு வயது.

அந்த வருஷம் சண்டை மறுபடி மூண்டது. ஆயுதம் தூக்கியவர்கள், எந்தப் பக்கத்தவர்களானாலும், நல்ல கல்வீட்டில்தான் முகாம் போட்டார்கள். முகாம் போட்ட வீட்டில்தான் ஷெல் விழுந்தது. மகளுக்கு வீடு மிஞ்ச வேண்டுமென்றால் அது எவனும் ஆசைப்படாத வீடாக வேண்டும் என்று சீதேவிப்பிள்ளை கணக்குப் போட்டாள்.

"ஓட்டக் கழட்டுவம்," என்றாள் புருஷனிடம்.

"என்னகா, விசரா உனக்கு?" என்றார் அழகரத்தினம். வாயால் அப்படிச் சொன்னாரே தவிர, ஏணியைக் கொண்டுவந்து சாத்தியதும் அவர்தான்.

நாலு நாளில் ஓடெல்லாம் வைக்கோல் போருக்குள் போனது. கைமரங்களையும் கதவுகளையும் வாவிச் சேற்றில் தாழ்த்தினார்கள்; சேற்றில் கிடக்கும் மரத்தை உளுப்பூச்சி அண்டாது. சுவரின் தலை நனைந்தால் வீடு போச்சு என்பதால் அதன்மேல் முடைந்த தென்னோலைக் கிடுகு மட்டும் போட்டுவிட்டு, மூவரும் பின்வளவில் சமைக்கிற குசினிக் குடிலுக்குக் குடிபோனார்கள். ஊருக்கு ஒரு வருஷம் சிரிக்க அது போதுமாயிருந்தது.

ஒரு காலை, முகாமுக்கு இடம் தேடி வந்த அதிகாரி வீட்டு மண்டபத்தில் நின்று மேலே பார்த்தார். வானம் தெரிந்தது. நேரே போய், அடுத்த வளவு நல்லரத்தினத்தாரின் வீட்டை எடுத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் அது கற்குவியல். நல்லரத்தினத்தார் குடும்பத்தோடு முன்பே வெளியேறியிருந்ததால் உயிர் தப்பினார். தன் கெட்டித்தனம் அவர் தலையில் விடிந்ததே என்ற குத்தல் சீதேவிப்பிள்ளையை விட்டுப் போகவேயில்லை. அவரைக் கண்டால் தலையைக் குனிந்துகொள்வாள்.

பன்னிரண்டு மாரி இப்படிப் போனது. மழை இருட்டினால் போதும், அடுப்பில் கிடப்பது கிடக்க, கிடுகைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு ஓடுவாள்.

இரண்டாயிரத்து இரண்டில் சமாதானம் என்றார்கள். கண்ணகைக்குச் சம்பந்தமும் வந்தது. மாப்பிள்ளை அருமைநாயகத்தின் ஆட்கள் வளவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு எங்க?" என்று கேட்டார்கள். சீதேவிப்பிள்ளை அவர்களை வாவிக்கரைக்குக் கூட்டிப்போனாள்.

"இந்தா, இதுக்குள்ள கதவு கிடக்கு. வைக்கலுக்குள்ள ஓடு கிடக்கு. ஆவணிக்குள்ள வீடு நிக்கும்."

நின்றது. முகட்டில் ஏறி ஓடு போட்டவர்களில் நல்லரத்தினத்தாரும் ஒருவர். கூப்பிடாமலே வந்திருந்தார்.

கலியாணத்தன்று கதவுப் பூட்டின் திறப்பை மகள் கையில் கொடுத்துவிட்டு, சீதேவிப்பிள்ளை பழைய குடிலுக்கே நடந்தாள். காப்பாற்றிய வீட்டில், திரும்ப ஓடு போட்ட பிறகு, அவள் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை.

கார்த்திகையில் ஒரு மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. அடுப்பை விட்டுவிட்டு நாலு கிடுகைத் தூக்கிக்கொண்டு ஓடியவள், பாதி வளவு தாண்டித்தான் நின்றாள். ஓட்டிலிருந்து தண்ணீர் கயிறு கயிறாக வடிந்துகொண்டிருந்தது.

"அம்மா, ஏன் நனையிறீங்க? உள்ளுக்கு வாங்க!" தாழ்வாரத்திலிருந்து கண்ணகை கூப்பிட்டாள்.

"ஒழுகுதா மகள்?"

"ஒரு சொட்டும் இல்ல."

சீதேவிப்பிள்ளைக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. சோறு குழைந்துவிடுமே என்று, கிடுகைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.